இன்னும் ரெண்டு இஞ்சு

ஜீப்பை உயர்த்துவது பெரிய வேலையே இல்லை. உயர்த்தின பிறகு வருகிற வம்புகளைத் தீர்ப்பதுதான் வேலை. ஒன்றை ஏற்றினால் இன்னொன்று எட்டாமல் போகும். எட்ட வைத்தால் வேறெங்காவது இடிக்கும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? உக்கடத்தில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் வண்டியை நிறுத்திய கையோடு "ஏத்திக் குடுங்க பாய்" என்பார்கள், சோற்றில் இன்னொரு கரண்டி போடச் சொல்கிற மாதிரி. எனக்கு அங்கேயே பாதிக் கோபம் வந்துவிடும். பீர் முகம்மது நல்ல வேலைக்காரன், வாய்தான் கெட்ட வாய் என்று ஊரில் ஒரு பேர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

அங்கப்பன் வந்தது தொண்ணூற்று நாலு ஆடியில். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். வெள்ளைச் சட்டை, வேட்டி மடிப்புக் கலையாத ஆள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கியர்பாக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டம் நசுங்கி, சைலன்சர் தட்டையாகிக் கிடந்தது. சட்டத்தின் இடுக்கில் சிமெண்டுத் துணுக்கு ஒட்டியிருந்தது.

"ஏனுங்க கவுண்டரே, இதை எந்த மலையில கொண்டு போயி உட்டீங்க?"

"மலையெல்லாம் இல்லீங்க பாய். எங்க ஊட்டுத் தடத்துலதானுங்க."

கதையைச் சொன்னார். மெயின் ரோட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போகிற வண்டித்தடம் அவருடைய அண்ணன் சென்னியப்பனின் தோட்டத்து ஓரமாகப் போகிறது. அண்ணன் தடத்துக்குக் குறுக்கே தண்ணீர்க் குழாய் போட்டிருக்கிறார். குழாய் உடையாமல் இருக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி, அதன் மேல் கல்லும் சிமெண்டும் வைத்து முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு கட்டிவிட்டார். கார் அதைத் தாண்டாது. ஜீப் மேலே ஏறும், ஆனால் வயிறு தட்டி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும், நாலு ஆள் தள்ளினால்தான் இறங்கும்.

"கேசு போட்டிருக்கறனுங்க. வாய்தா மேல வாய்தா. அது முடியற வரைக்கும் எனக்குப் பொறுக்காதுங்க பாய்."

"அப்பிடியென்ன அவசரம்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். மனைவிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தடவை தவறினால் கை கால் வீங்கி மூச்சு முட்டும். இரண்டு தடவை தவறினால் ஆள் இருக்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது, வாயை அடக்காமல் கேட்டுவிட்டேன். "அப்ப மேட்டுக்கு இந்தப் பக்கமா ஒரு காரை நிறுத்திப்போட்டு, அம்மணியைக் கையைப் புடிச்சு நடத்திக் கூட்டியாந்தா முடிஞ்சுது. நாலு எட்டுதானுங்களே?"

அவர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

"எம் பொண்டாட்டி அவன் கட்டுன கல்லைத் தாண்டித் தாண்டி நடக்கறதை, அவன் களத்துல சேர் போட்டு உக்காந்து பாக்கோணுமுங்களா?"

"சரி, இங்கயே டவுன்ல ஒரு ஊடு புடிச்சு இருந்துக்கலாமுல்ல?"

"தோட்டத்தை உட்டுப்போட்டு வந்தா அவன் செயிச்சதா ஆயிருமுங்க. நீங்க ஏத்திக் குடுங்க பாய். அது போதும்."

சண்டைக்குக் காரணம் என்ன தெரியுமா? அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பன் பேரைப் போடவில்லையாம். அச்சாபீசில் விட்டுப்போச்சு என்று அண்ணன் சொன்னாராம். வேண்டுமென்றே விட்டார்கள் என்று தம்பி கல்யாணத்துக்கே போகவில்லை. பங்காளி வராத கல்யாணம் என்று ஊரே பேசியதாம். அதற்குப் பதிலாக அண்ணன் குழாய் போட்டார். என்ன கெரகமோ!

வேலையைத் தொடங்கினேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அவர் மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேராக இங்கே வருவார். ஆஸ்பத்திரியில் முடிகிறதற்குள் நான் என் வேலையைச் செய்ய வேண்டும். ஸ்பிரிங் கட்டில் முன்னும் பின்னும் ஒரு பட்டை கூட்டினேன். ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கிற ஷாக்கிளை நீளமாகச் செய்து போட்டேன். வண்டி மூன்று இஞ்சு எழும்பி நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை அங்கப்பன் இளநீர்க் குலையோடு வந்தார், முகமெல்லாம் பல்.

"தாண்டிருச்சுங்க பாய்! ஒரு கீறல் இல்லீங்க. அண்ணன் களத்துல நின்னு பாத்துட்டே இருந்தான்!"

மனைவி பிழைத்துக்கொள்வாள் என்று அவர் சொல்லவில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான் என்பதைத்தான் இரண்டு தடவை சொன்னார்.

அதற்கப்புறம் வம்புகள் ஒவ்வொன்றாக வந்தன. மேட்டில் ஏறி இறங்கும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கியது, பிரேக் ஓஸ் எட்டாமல் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. நீளமான ஓஸ் வாங்கி மாட்டினேன். ஸ்டியரிங் ராடு சாய்ந்துபோனதால் ஒவ்வொரு குழிக்கும் ஸ்டியரிங் தானாகவே திரும்பியது. ராடைப் பிடிக்கிற கையைக் கீழே இறக்கிச் செய்து போட்டேன். என்னைக் கேட்காமல் பெரிய டயர் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார், வளைவில் அது ஸ்பிரிங்கை உரசியது. திட்டிக்கொண்டே சக்கரம் திரும்புகிற அளவைக் குறைத்து வைத்தேன். கடைசியில், கியர்பாக்ஸின் சுற்றைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாப்டு. வண்டி எழும்பினால் ஷாப்டு சாய்வாக நிற்கும், அதன் முனையில் இருக்கிற கிராஸ் ஜாயிண்டு கடகடவென்று சத்தம் போட்டுத் தேயும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஆப்பு வைத்து அச்சை அண்ணாந்து பார்க்கும்படி திருப்பினேன். சத்தம் நின்றது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நாளில்தான் அந்த அம்மாவை முதல் தடவை பார்த்தேன்.

ஆட்டோவில் வந்து இறங்கினார், தெய்வாத்தாள். நாற்பது வயது இருக்கலாம். மஞ்சள் பூசின முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஊசி குத்தின கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரே ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"பிடிக்கலையாம்மா?"

"நல்லாருக்குதுங்ணா. எனக்குத் தண்ணி அளவுதானுங். டீ, மோரு, சோத்துல இருக்கற கஞ்சி எல்லாஞ் சேத்து ரெண்டு டம்ளருக்கு மேல போகக் கூடாதாமுங். மிச்சத்தை நாளைக்குன்னு வெச்சுக்கோணும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "அந்த மேட்டு மேல வண்டி ஏறறப்ப கல்லுக்கடியில குழாய்த் தண்ணி ஓடற சத்தம் கேக்குமுங்ணா. மம்மானியாத் தண்ணி, அளவே கெடையாது. சித்த நேரம் கேட்டுட்டே இருக்கலாம்னு தோணுமுங்."

அதற்குள் அங்கப்பன் வண்டியை வெளியே எடுத்து நிறுத்திக் கதவைத் திறந்தார். அந்த அம்மா எழுந்து போய் வண்டியைப் பார்த்தார். கால் வைக்கிற இடம் அவர் இடுப்புக்கு இருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்து எம்பினார், முடியவில்லை. இரண்டாம் தடவை அங்கப்பன் அவரைப் பின்னாலிருந்து தூக்கி உள்ளே தள்ளினார், மூட்டையைத் தள்ளுகிற மாதிரி. ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். அந்த அம்மா சேலையை இழுத்து விட்டுக்கொண்டு எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

யா அல்லா, இதை எப்படி யோசிக்காமல் விட்டோம்! மூன்று இஞ்சு என் ஸ்பிரிங்கு, ஒன்றரை இஞ்சு அவர் டயர். வண்டி கல்லைத் தாண்டுகிறதா என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். உள்ளே ஏற வேண்டியது யார் என்று பார்க்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரும்புப் பட்டையில் ஒரு படி செய்து கதவுக்குக் கீழே வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். கீழே தொங்குகிற படி. அந்த அம்மா அதில் காலை வைத்து மெல்ல ஏறி உட்கார்ந்து, "இது போதுமுங்ணா, ராணியாட்ட ஏறிக்குவேன்" என்றார். வெள்ளிக்கிழமை படி இல்லாமல் வண்டி வந்தது. மேட்டில் இடித்து, பிய்ந்து, அண்ணன் தோட்டத்துப் பக்கம் போய் விழுந்ததாம். எடுக்கப் போகவில்லையாம். அவன் மண்ணில் கால் வைக்க மாட்டாராம்.

மடித்து வைக்கிற படி செய்யலாம் என்றால் அவருக்குப் பொறுமையில்லை. வீட்டிலிருந்து ஒரு மரமுக்காலியைக் கொண்டு வந்து பின்னால் போட்டுக்கொண்டார். அந்த அம்மா ஏறும்போது முக்காலியைக் கீழே வைப்பார், ஏறினதும் எடுத்துப் பின்னால் போடுவார். அந்த ஒரு காரியத்தை மட்டும் மனிதர் பொறுமையாகச் செய்தார். முக்காலி ஆடாமல் இருக்கத் தன் கால் கட்டைவிரலை அதன் காலில் வைத்து மிதித்துக்கொள்வார்.

வண்டி மேலே ஏறிக்கொண்டது சரி, உள்ளே இருக்கிறவர் நிலைமை? பட்டை கூட்டினதால் ஸ்பிரிங் கட்டை மாதிரி ஆகிவிட்டது. சுத்தம் செய்து முடித்த உடம்பு துவண்டு கிடக்கும், பிரஷர் இறங்கியிருக்கும். அந்த உடம்பைப் பொள்ளாச்சி ரோட்டுக் குழிகளில் தூக்கித் தூக்கிப் போட்டது என் ஸ்பிரிங். போகிற வழியெல்லாம் வாந்தி எடுத்தார். நான் ஒரு பட்டையைக் கழற்றினேன். வண்டி மெத்தென்று ஓடியது, மேட்டில் வயிறு தட்டியது. மறுபடி மாட்டினேன். மெல்லிசாக வேறு பட்டை போட்டுப் பார்த்தேன், மாதத்துக்குள் அமுங்கிப் போயிற்று. மேட்டுக்குச் சரியானது அந்த அம்மாவுக்கு ஆகவில்லை, அந்த அம்மாவுக்கு ஆனது மேட்டுக்குச் சரிப்படவில்லை.

ஒரு நாள் அங்கப்பன் டீக்கடைக்குப் போயிருந்தபோது அந்த அம்மாவே பேச்சை எடுத்தார்.

"ஏனுங்ணா, நீங்க இவருக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதுங்களா? நான் போயி மாமாகிட்டக் கேட்டா அவரு கல்லைப் பேத்துப்போடுவாருங். மாமா ஊட்டுச் சென்னியம்மாக்காவும் நானும் ஒட்டுக்கா ஒரே அடுப்புல பொங்குனவங்கதானுங். இவரு உடமாட்டேங்கறாரு. நீ அந்த வாசல்ல கால் வெச்சா எம் பொணத்தைத்தான் பாக்கோணும்னு சொல்லிப்போட்டாருங். என்னைப் பாத்துச் சொல்ற பேச்சா அது?"

சொல்லிவிட்டுச் சிரிக்கத்தான் செய்தார். அங்கப்பன் வந்ததும் இழுத்து வைத்துக் கேட்டேன். "அவன் மொதல்ல கல்லை எடுக்கட்டும், அப்பறம் அண்ணாங்கறேன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

சென்னியப்பனும் எனக்குப் பழைய வாடிக்கைதான். ஐப்பசி மழையில் அவருடைய டிராக்டர் டிரெய்லர் பட்டை முறிந்து இங்கே வந்தது. கூடவே அவரும் வந்தார். தம்பியை அச்சில் வார்த்த மாதிரி முகம், கொஞ்சம் நரை கூட. நாளும் ஒரு வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது. தம்பியின் ஜீப் பட்டறை வாசலில் நின்றது, தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தார். நல்ல சமயம் என்று நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க பெரிய கவுண்டரே, அந்த அம்மணி படற பாட்டை நான் வாராவாரம் பாக்கறனுங்க. ஒரு கல்லுதானுங்களே?"

"நான் என்ன வேண்டாங்கறனுங்களா பாய்?" குரலில் வெண்ணெய் தடவினாற்போல் மரியாதை. "அவன் வந்து அண்ணான்னு ஒரு வார்த்தை கூப்பிடட்டும். கடப்பாரையை நானே எடுத்துப் போறேன். எம் புள்ளை கல்யாணத்துல, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க முன்னால, சித்தப்பன் எங்கீங்கன்னு கேட்டப்ப நான் பட்ட அவமானத்துக்கு ஒரு வார்த்தை. அதிகமுங்களா?"

"அதிகமில்லீங்க. ஆனா நடுவுல ஒரு உசுரு கெடக்குதுங்களே?"

"அது எனக்கு வெசனமில்லைன்னு நெனைச்சீங்களா? ராத்திரியெல்லாம் எங்கூட்டுக்காரி அழுகறா. அவன்தானுங்களே நெனைக்கோணும்."

பேசிக்கொண்டே அவர் ஜீப்பைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து குறுக்குச் சட்டம் வரைக்கும் கையால் சாண் போட்டு அளந்தார். என் கண் முன்னால், என் பட்டறை வாசலில்! கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "டிரெய்லரைச் சாயங்காலம் ஆள் வந்து எடுத்துக்குவானுங்க" என்று போய்விட்டார்.

அடுத்த வாரம் அங்கப்பன் வந்தபோது குறுக்குச் சட்டத்தில் புதுச் சிமெண்டு ஒட்டியிருந்தது.

"மேட்டை ஒசத்திப்போட்டானுங்க பாய். இன்னும் ரெண்டு இஞ்சு ஏத்தோணும்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி டிரேயில் எறிந்தேன். "முடியாதுங்க. இப்பவே ஷாப்டு கடைசி அளவுல நிக்குது. இதுக்கு மேல ஏத்துனா ஜாயிண்டு தாங்காது. என்னைக்காவது ஒரு நாளு முறிஞ்சு போகும். எங்க முறியும்னு தெரியுமுங்களா? முழுப் பாரமும் அந்த மேட்டு மேலதான் விழுது, அங்கதான் முறியும். உள்ள அம்மணியை வெச்சுக்கிட்டு நடு மேட்டுல நிப்பீங்க!"

"இன்னும் பெரிய ஆப்பா வெய்யுங்க."

"ஆப்பை வெச்சு எல்லாத்தையும் சரி பண்ண முடியாதுங்க கவுண்டரே! போயி உங்கண்ணனை அண்ணான்னு கூப்பிடுங்க. பெத்தவங்க சொல்லிக் குடுத்த வார்த்தைதானே, வாய் வெந்தா போயிரும்?"

பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அங்கப்பன் முகம் கறுத்துவிட்டது. "பட்டறை உங்களுது ஒண்ணுதானுங்களா ஊருல?" என்றார். மரியாதை மட்டும் குறையவில்லை. வண்டியில் ஏறிக் கிளப்பினார். முன்சீட்டில் அந்த அம்மா இருந்தார். வண்டி நகரும்போது எட்டிப் பார்த்து, "அண்ணா, முக்காலி கீழயே கெடக்குதுங், அதை எடுத்துப் போடுங்" என்றார். ஓடிப் போய்ப் பின்னால் போட்டேன். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

சுந்தராபுரம் தாண்டி எவனோ ஒருவன் இன்னும் நீளமான ஷாக்கிளை மாட்டி ஏற்றிக் கொடுத்திருக்கிறான். ஆப்பைப் பற்றி யோசிக்கவேயில்லை. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். அந்த ஊர்த் தேங்காய் லாரி ஓட்டுகிற சென்னகேசவன் மார்கழியில் ஒரு நாள் பிரேக் பார்க்க வந்தவன், "அங்கப்பண்ணன் சம்சாரம் போயிட்டாங்க பாய், தெரியாதா?" என்றான். நேற்றுக் காலையாம். இன்றைக்கு எடுக்கிறார்களாம்.

கைகூடக் கழுவாமல் பைக்கை எடுத்தேன். வீட்டில் என் மனைவி இஸ்மத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டுப் பொள்ளாச்சி ரோட்டில் போனேன். ஊருக்குள் விசாரித்துத் தடத்தைப் பிடித்துப் போய்க்கொண்டே இருக்கிறேன், மேடு வருகிற வழியைக் காணோம். இழவு வீட்டுப் பந்தல் தெரிகிறது, மேட்டைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். தடத்தோரமாக உடைத்த கல்லும் சிமெண்டுக் கட்டியும் குவியலாகக் கிடந்தன. குழாயை மண்ணுக்குள் ஆழமாக இறக்கிப் புதைத்து மேலே சமன் செய்திருந்தார்கள். ஈரம் காயவில்லை. என் பைக் அதன் மேல் ஏறி வந்தது எனக்கே தெரியவில்லை.

எத்தனை மாதமாக நான் இஞ்சு இஞ்சாகத் தாண்டப் பார்த்த மேடு அது! பைக்கை அங்கேயே நிறுத்திவிட்டுப் பந்தலைப் பார்த்து நடந்தேன்.

நடந்ததைச் சொன்னது சென்னியப்பன் மனைவி சென்னியம்மாள். பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் என்னைக் கூட்டிப் போய்ச் சொன்னார். புதுசாக ஏற்றின வண்டி வெள்ளிக்கிழமை காலையிலேயே தகராறு செய்து, அன்றைக்கு ஆஸ்பத்திரி தவறிவிட்டதாம். செவ்வாய்க்கிழமையும் வண்டி சுந்தராபுரம் பட்டறையிலேயே நின்றுபோனதால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. புதன்கிழமை காலை வண்டி வந்ததும் முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு இருந்தவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார் அங்கப்பன். மேட்டின் மேல் ஏறினதும் படீரென்று சத்தம். ஜாயிண்டு முறிந்து ஷாப்டு கீழே விழுந்து கல்லிடுக்கில் குத்திக்கொண்டது. வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

"கொழுந்தனாரு வண்டிக்கடியில படுத்துட்டு எதையோ தட்டிட்டே இருந்தாருங்க பாய். நாங்க களத்துல நின்னு பாக்கறோம். இவரு போகலாமா வேண்டாமான்னு நிக்கறாரு. அவ தானா எறங்குனாளுங்க. அத்தனை ஒசரத்துல இருந்து எப்பிடி எறங்குனாளோ, முழங்காலெல்லாம் ரத்தம். அவ எறங்குனது அவருக்குத் தெரியாது. நடந்து எங்க வாசலுக்கு வந்து கம்பத்தைப் புடிச்சுட்டு, மாமான்னு கூப்பிட்டாளுங்க."

சென்னியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சொன்னார்.

"இவரு ஓடிப் போயிக் காரை எடுத்தாருங்க. அதுக்குள்ள அவ, அக்கா ஒரு வாய் தண்ணி குடுங்கன்னா. சொம்புல கொண்டாந்து குடுத்தேன். பூராத்தையும் குடிச்சாளுங்க பாய். ஒரு சொட்டு மிச்சம் வெக்கல. குடிச்சுப்போட்டு, எத்தனை நாளாச்சு அக்கான்னு சிரிச்சா. எங்க ஊட்டுக்கு வந்ததைச் சொல்றாளாக்கும்னு நெனைச்சனுங்க."

அந்த அம்மா எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதை இவரிடம் எப்படிச் சொல்வது?

"அங்கப்பன்?"

"கார் அவருகிட்ட வந்ததும் இவரு கதவைத் தெறந்து, ஏறுடான்னாருங்க. அவரு அண்ணனை ஏறெடுத்துக்கூடப் பாக்கல. அவளைக் கொண்டு போங்க, நான் வாரேன்னாரு. பஸ்ஸுல வந்தாருங்க. கிணத்துக்கடவு தாண்டலை, எம் மடியிலேயே போயிட்டா. இவரு ஆஸ்பத்திரிக்கு வெளிய நின்னுட்டு இருந்தாரு, கொழுந்தனாரு பஸ்ஸை உட்டு எறங்கி நடந்து வாராரு. அவருகிட்ட ஆரு சொல்றது?"

நான் பந்தலுக்குள் போனேன். அண்ணன் ஒரு மூலையில் நின்று மூங்கில் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி இன்னொரு மூலையில் உட்கார்ந்திருந்தார். பங்காளி என்றால் தீட்டு இரண்டு பேருக்கும் ஒன்றுதான், இரண்டு பேரும் ஒரே மாதிரித் துண்டுதான் போட்டிருந்தார்கள். பேச்சுத்தான் இல்லை. போய்ச் சென்னியப்பன் எதிரில் நின்றேன்.

"கல்லைப் பேத்துப்போட்டீங்களாட்ட இருக்குதுங்?"

"ஆமாங்க பாய். பொணவண்டி வரோணுமில்லீங்களா?" என்றார். "ஆளு நாலு பேரு, ஒரு மணி நேரங்கூட ஆகல. அவ கூப்பிட்டா, நான் போனேன். அவன் இன்னும் கூப்பிடல."

அவரை அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. இழவு வீடு. திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் இஸ்மத் சாப்பாடு போட்டாள். தண்ணீர் டம்ளரைப் பார்த்ததும் சோறு இறங்கவில்லை, எழுந்து கையைக் கழுவினேன்.

தை பிறந்து கொஞ்ச நாள் கழித்து அங்கப்பன் பட்டறைக்கு வந்தார். மொட்டைத் தலையில் முடி அரும்பு விட்டிருந்தது. வேட்டி கசங்கிக் கிடந்தது. ஷாப்டுக்கு வேறு ஜாயிண்டு மாட்டி வண்டியை ஓட்டி வந்திருந்தார். பழைய அளவுக்கு இறக்கித் தரக் கேட்பார் என்று நினைத்தேன். விற்றுக் கொடுக்கச் சொல்வார் என்றும் நினைத்தேன். எதுவானாலும் காசு வாங்கக் கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

"கருமாதி முடிஞ்ச அடுத்த நாளே கொத்தனாரு வந்துட்டானுங்க பாய்," என்றார். "குழாயை மேல எடுத்து மறுபடி கல்லுக் கட்டிப்போட்டான். முன்னைக்கும் ஒசரம். இன்னும் ரெண்டு இஞ்சு ஏத்தோணுமுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "யாருக்குங்க ஏத்தோணும்? இனி செவ்வாக்கிழமை யாரைக் கூட்டிட்டு வாரீங்க? எந்த ஆஸ்பத்திரிக்கு? உங்களுக்கெல்லாம் நெஞ்சுக்குள்ள என்னதானுங்க இருக்குது? ஒரு பொம்பளையை ரெண்டு பேருஞ் சேந்து கொன்னுபோட்டீங்களே, இன்னும் தீரலீங்களா? அந்த மேட்டைச் சும்மா நடந்து தாண்டிப் போங்க, கால் இருக்குதில்ல?"

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே அந்த மரமுக்காலி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "இது எதுக்குங்க இன்னும்?" என்று அதை இழுத்து வெளியே போட்டேன்.

அங்கப்பன் பதறிப்போய்க் குனிந்து அதை எடுத்தார். வேட்டி நுனியால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"அது கெடக்கட்டுமுங்க பாய்," என்றார். "இன்னும் ரெண்டு இஞ்சு ஏறுனா அவளுக்கு இதுவும் எட்டாதுங்க. இதையும் கொஞ்சம் ஒசரமாச் செஞ்சு குடுத்துருங்க."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. முக்காலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தார். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது.

வண்டிச் சாவியை அவர் மடியிலிருந்து எடுத்து, வண்டியை நானே உள்ளே ஓட்டிப் போய் ஜாக்கியைப் போட்டேன்.